நீல ஐசியா, பிங்க் ஐசியா?

2025 மே 3, சனிக்கிழமை. சிங்கப்பூரில் பொதுத்தேர்தல். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தையே வாக்குச்சாவடி ஆக்கியிருந்தார்கள். பால் வாங்கலாம் என்று இறங்கினால் லிஃப்ட் வாசல்வரை வரிசை. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி சக்கர நாற்காலியில், ஏழாம் மாடி மலாய்க்காரர் மகளோடு, அவர்களுக்குப் பின்னால் எனக்குத் தெரிந்த பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர். நான் வந்து மூன்று வருஷம் கழித்துத்தான் அவர் இந்த ஊருக்கு வந்தார். "ஓட்டுப் போடலையா அண்ணே?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் "ஆமா, நீங்க இன்னும் புளூ ஐசிதானே" என்று அவரே முடித்துக்கொண்டார்.

அடையாள அட்டையை இங்கே ஐசி என்பார்கள். குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, நிரந்தரவாசிகளுக்கு நீலம். நீலம் என் பையில் ஏழு வருஷமாக இருக்கிறது. வரி கட்டுகிறேன், சிபிஎஃப் என்ற கட்டாயச் சேமநிதி பிடிக்கிறார்கள், வீட்டுக் கடன் போகிறது, மகன் பேசுகிற தமிழில் 'லா' வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓட்டு மட்டும் இல்லை. அன்று பாலை வாங்கிக்கொண்டு பின்பக்கப் படியில் ஏறி வந்தேன். வரிசையைக் கடந்து போகக் கூச்சமாக இருந்தது. ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

2025 ஜூன் கணக்குப்படி இந்தத் தீவில் 61 லட்சம் பேர். குடிமக்கள் 36.6 லட்சம், நிரந்தரவாசிகள் 5.4 லட்சம், ஏதாவதொரு பாஸில், அதாவது தற்காலிக அனுமதியில், இருப்பவர்கள் 19 லட்சத்துக்கும் மேல். பத்தில் நான்கு பேர் இங்கே சமைத்து, கட்டி, கணக்கெழுதி, குழந்தை வளர்த்து, ஓட்டில்லாமல் வாழ்கிறார்கள். அவர்களில் நிறம் மாறலாமா என்று யோசிக்கும் நிலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தேர்தல் முடிந்த கையோடு நானும் மனைவியும் இதற்காக ஓர் எக்செல் தாள் போட்டோம். இரண்டு வாரம் அதில் உட்கார்ந்த பிறகு கண்டது இதுதான்: பண வரிசைகளை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் முடிவு அங்கிருந்து வருவதில்லை. சுமைகளில் பெரியது நீல அட்டையோடேயே வந்துவிடுகிறது. உரிமைகளில் பெரியது பிங்க் அட்டையோடுதான் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்தக் காலத்தில்தான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

முதலில், தேர்வு என்று சொல்வதே கொஞ்சம் மிகை. வேலைக்கு வந்தவர்களில் எம்பிளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் போன்றவை வைத்திருப்பவர்தான் பிஆருக்கே (நிரந்தரவாசத்துக்கே) விண்ணப்பிக்க முடியும். வொர்க் பெர்மிட்டில் இருக்கும் கட்டுமான, கப்பல்பட்டறைத் தொழிலாளிக்கு அந்தக் கதவே கிடையாது. இருபது வருஷம் இருந்தாலும் அவர் பெர்மிட்காரர்தான். குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. சிங்கப்பூர்க் குடிமகளையோ பிஆரையோ கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமானால் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் புல்வெளி நிறைய உட்கார்ந்திருப்பவர்களில் பலர் எங்கள் மாவட்டத்துக்காரர்கள். நான் நிறத்தைப் பற்றிக் குழம்புவதே அவர்களுக்குப் பணக்காரக் கவலையாகத் தெரியும். விண்ணப்பிக்க முடிந்தவர்களுக்கும் முடிவு கையில் இல்லை. 2023-ல் பிஆர் பெற்றவர்கள் ஏறக்குறைய 34,500 பேர், குடியுரிமை பெற்றவர்கள் 23,500 பேர். மறுக்கப்பட்டால் காரணம் சொல்ல மாட்டார்கள்.

சரி, கதவு திறந்தவர்களுக்கு வழி நான்கு. பிஆர் எடுக்காமல் பாஸிலேயே இருப்பது, பிஆராக நிற்பது, குடும்பத்தோடு குடிமக்களாவது, பாதிக் குடும்பம் மட்டும் மாறுவது. பேத்தோக்கில் காப்பிக் கடை மேசையில் பேசும்போது எல்லோரும் இரண்டாவதையும் மூன்றாவதையும்தான் மோதவிடுவார்கள். மற்ற இரண்டும் பேச்சில் வருவதே இல்லை.

பையன் இருக்கிற வீடு

தேசிய சேவை, அதாவது என்எஸ், குடிமகனானால்தான் வரும் என்று இன்னமும் நிறையப் பேர் நினைக்கிறார்கள். தவறு. வேலை அடிப்படையில் பிஆர் வாங்கிய அப்பாவுக்கு என்எஸ் இல்லை. ஆனால் அப்பாவின் பெயரில் பிஆர் வாங்கிய மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு, பதினெட்டு வாக்கில் சேர்ப்பு, இரண்டு வருஷம் முழுநேரம். அது முடிந்து வேலைக்குப் போன பிறகும் வருஷத்துக்கு 40 நாள்வரை கூப்பிடலாம். நாற்பது வயதுவரை அந்தக் கடமை இருக்கும், அதிகாரியானால் ஐம்பது. இங்கே அதை ரிசர்விஸ்ட் என்பார்கள்.

குடும்பத்துக்கே சேர்த்து பிஆர் விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போட்ட அன்று மகனுக்கு இரண்டு வயது. பதினெட்டு என்பது வேறு யாருடைய வயதோ போல இருந்தது. நாங்கள் அன்று பேசியதெல்லாம் பள்ளிக் கட்டணமும் வீடும்தான். இப்போது அவனுக்கு ஒன்பது. பக்கத்து வீட்டுப் பையன் பச்சைச் சட்டையும் பெரிய பையுமாக வெள்ளிக்கிழமை மாலை புலாவ் தெக்கோங் பயிற்சித் தீவிலிருந்து திரும்பும்போது, இவன் வீட்டுக்குள் போகாமல் நின்று பார்க்கிறான்.

பிஆர் பையன் சேவை செய்யாமல் பிஆரை விட்டுவிட்டுப் போகலாமா? போகலாம். ஆனால் அவன் பின்னாளில் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ கேட்டால் அந்தப் பழைய கணக்கை எடுத்துப் பார்ப்பார்கள் என்று அரசாங்கம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. வெளிநாடு போனாலும் பிஆரை இழக்காமல் இருக்கப் பெற்றோர் வைத்திருக்கும் ரீ-என்ட்ரி பெர்மிட்டின் புதுப்பிப்புக்கும் அது இடைஞ்சலாகலாம். பிஆரையும் விடாமல் சேவைக்கும் வராமல் இருந்தால் அது குற்றம்: 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மூன்று வருஷம்வரை சிறை, அல்லது இரண்டும்.

இப்போது இரண்டு நிறத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிங்க் ஐசிப் பையனுக்கும் அதே இரண்டு வருஷம், அதே 40 நாள். கூடுதல் சுமை எதுவும் கிடையாது. இருபத்தொன்றாகும்வரை குடியுரிமையைத் துறக்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். அவனுக்குப் பாஸ்போர்ட்டும் ஓட்டும் கிடைக்கின்றன. நீல ஐசிப் பையனோ வருஷா வருஷம் ரிசர்விஸ்ட் போய்விட்டு, தேர்தல் நாளில் என்னை மாதிரிப் பின்பக்கப் படியில் ஏற வேண்டும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. சேவை முடித்த பிஆர்கள் குடியுரிமை கேட்டால் அதற்கு மதிப்பு உண்டு, உண்மைதான். ஆனால் கேட்க வேண்டும், அப்புறம் காத்திருக்க வேண்டும்.

ஆகவே பையனைப் பொறுத்தவரை என் முடிவு தெளிவானது: நிறமே இல்லாமல் இருக்கலாம், அல்லது பிங்க். நடுவில் நீலத்தில் நிறுத்தி வைப்பதுதான் மூன்றிலும் மோசம். பத்து வருஷத்தில் ஊர் திரும்புவது உறுதி என்றால் நீங்களும் பிஆர் எடுக்காமல், அவனை உங்கள் வேலைப் பாஸைச் சார்ந்த டிபெண்டன்ட் பாஸிலேயே விட்டுவிடுங்கள், என்எஸ் அவனைத் தொடாது. அதற்கும் விலை உண்டு. உள்ளூர்ப் பள்ளியில் இடம் உறுதியில்லை, வெளிநாட்டு மாணவர்களுக்கான ஏஈஐஎஸ் தேர்வு எழுத வேண்டியிருக்கும், கட்டணமும் பல மடங்கு. சர்வதேசப் பள்ளி என்றால் சம்பளத்தில் ஒரு பங்கே போய்விடும். உங்கள் வேலை போனால் அவன் பாஸும் சேர்ந்து போகும், ஒரு மாதம்போல அவகாசம் கிடைக்கும். இவ்வளவும் தெரிந்தே அந்த வழியை எடுத்த இரண்டு குடும்பங்கள் எனக்குத் தெரியும். அவர்கள் கணக்கில் பிழை இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சே இல்லை. எங்கள் மகளுக்கு ஐந்து வயது. அவளுக்கு நீலம் ஒரு குறையும் செய்யாது.

வீடும் காசும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இணையத்தில் இதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கணவன் மனைவி இருவருமே பிஆர் என்றால் அரசு வீடமைப்புக் கழகமான எச்டிபியின் புது வீடு, அதாவது பிடிஓ, கிடைக்காது. மறுவிற்பனை வீடுதான், அதுவும் பிஆர் கிடைத்து மூன்று வருஷம் கழித்து. எச்டிபி கடன் கிடையாது, வங்கிக்குத்தான் போக வேண்டும். முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. மலேசியர் அல்லாத பிஆர்களுக்கு ஒரு வட்டாரத்தில் 5 சதவீதம், ஒரு புளோக்கில் 8 சதவீதம் என்று ஒதுக்கீடு இருக்கிறது. இனவாரி ஒதுக்கீடு அதற்கும் மேல். செங்காங்கில் எங்களுக்குப் பிடித்த வீடு இரண்டுமுறை இந்த எண்ணில்தான் கைநழுவிப் போனது. விற்பவர் தயார், நாங்கள் தயார், ஒதுக்கீடு நிரம்பியிருந்தது. தனியார் வீடு வாங்குவதென்றால் முதல் வீட்டுக்குக் கூடுதல் முத்திரை வரி குடிமகனுக்கு இல்லை, பிஆருக்கு 5 சதவீதம், வெளிநாட்டவருக்கு 2023 ஏப்ரலிலிருந்து 60 சதவீதம். இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துத்தான் பலர் அவசர அவசரமாக பிஆருக்கே ஓடுகிறார்கள்.

பள்ளிக் கட்டணம், மருத்துவமனைச் சலுகை இரண்டிலும் குடிமகனுக்கு நிறையவும் பிஆருக்குக் குறைவாகவும் கிடைக்கும். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையில் குலுக்கல் வந்தால் குடிமக்கள் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம். வருஷக் கணக்கில் பார்த்தால் எங்கள் வீட்டுக்கு இந்த வித்தியாசம் ஊருக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய்வரும் செலவுக்குப் பக்கத்தில் நின்றது.

சிபிஎஃப் விஷயத்தில் மட்டும் தராசு மறுபக்கம் சாயும். மூன்றாம் வருஷத்திலிருந்து பிஆருக்கும் குடிமகனுக்கும் ஒரே பிடித்தம்தான்: 55 வயதுவரை ஊழியர் பங்கு 20 சதவீதம், முதலாளி பங்கு 17. பிஆர் அந்தத் தகுதியைத் துறந்து இந்த ஊரையே விட்டுப் போவதாக எழுதிக்கொடுத்தால் சேர்ந்த பணம் முழுவதையும் எடுத்துக்கொண்டு போகலாம். குடிமகனாக இங்கேயே இருப்பவருக்கு அப்படி இல்லை. 2025-ல் 55 வயதை எட்டியவர் முழு ஓய்வுக்காலத் தொகையாக 213,000 வெள்ளியை ஒதுக்கி வைக்க வேண்டும், அது பிற்பாடு மாதாமாதம் ஆயுள் முழுக்க வரும். மன்னார்குடியில் கடைசிக் காலத்தைக் கழிக்க நினைப்பவருக்கு மொத்தமாக வருவது நல்லது. தோ பாயோவில் கழிக்க நினைப்பவருக்கு மாதாமாதம் வருவது நல்லது. எங்கே சாகப்போகிறோம் என்பதைத்தான் சிபிஎஃப் படிவம் நாசூக்காகக் கேட்கிறது.

பிஆரின் பெயரில் 'நிரந்தரம்' இருந்தாலும், அது நிற்பது ரீ-என்ட்ரி பெர்மிட்டின் மேல். பெரும்பாலும் ஐந்து வருஷத்துக்குத் தருவார்கள், சிலருக்கு அதற்கும் குறைவாக. அது காலாவதியாகி நீங்கள் வெளிநாட்டில் இருந்தால் பிஆரே போய்விடலாம். புதுப்பிக்க வேலை, வருமானம், குடும்பத் தொடர்பு எல்லாம் பார்ப்பார்கள். நாற்பதில் இது வெறும் படிவம். ஐம்பத்தேழில், ஆள்குறைப்புக் கடிதம் கைக்கு வந்த மாதத்தில், அப்படியிருக்காது. எங்கள் தாளில் பண மதிப்பு போட முடியாமல் காலியாக விட்ட கட்டம் இது ஒன்றுதான்.

இந்தியப் பக்கம்

இரட்டைக் குடியுரிமையைச் சிங்கப்பூரும் அனுமதிப்பதில்லை, இந்தியாவும் அனுமதிப்பதில்லை. இதில் பாதிப் பூட்டு நம் ஊரினுடையது என்பதை மறந்துவிடுகிறோம். ஜெர்மனி 2024 ஜூனில் சட்டத்தை மாற்றிப் பழைய குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றது. அங்கிருக்கும் துருக்கியர்களுக்கு அது பெரிய விடுதலை. அதே நகரத்தில் இருக்கும் இந்தியருக்கு ஒன்றும் மாறவில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்ற கணமே இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடும் என்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு.

இங்கே ஒரு பொறாமையையும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் இருக்கும் என் கல்லூரி நண்பன் இந்தியப் பாஸ்போர்ட்டோடேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறான். அங்கே வசிக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு அந்த உரிமை உண்டு. நியூசிலாந்தில் 1975-லிருந்து நிரந்தரவாசிகளும் நாட்டின் தேர்தலிலேயே வாக்களிக்கிறார்கள். வந்து ஒரு வருஷம் வசித்திருந்தால் போதும். ஓட்டையும் பாஸ்போர்ட்டையும் கழற்றித் தனித்தனியே வைக்க முடியும் என்பதற்கு இந்த இரண்டே போதும். இங்கே பிஆராகிய நான் பொதுக்கூட்டங்களுக்கென்று விடப்பட்டிருக்கும் ஹாங் லிம் பூங்காவில் நடக்கும் கூட்டத்துக்குப் போய் நிற்கலாம். குடிமகனைப் போல நானே அனுமதியில்லாமல் கூட்டம் நடத்த முடியாது. பாஸில் இருப்பவருக்கு நிற்கவும் உரிமையில்லை.

பிங்க் வாங்கினால் இந்தியாவுக்கு ஓசிஐ (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டை எடுத்துக்கொள்ளலாம். ஆயுள் முழுக்க விசா வேண்டாம், வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டு இல்லை, தேர்தலில் நிற்க முடியாது, அரசு வேலை கிடையாது. பெயரில் 'சிட்டிசன்' இருந்தாலும் அது குடியுரிமையே அல்ல. 2021 மார்ச்சில் வந்த அறிவிப்பில் பத்திரிகைப் பணி, ஆராய்ச்சி, மதப்பிரசாரம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும் என்றும், நீட் போன்ற நுழைவுத்தேர்வு எழுதினால் என்ஆர்ஐ இடங்களுக்கு மட்டுமே தகுதி என்றும் சொல்லிவிட்டார்கள். மகளைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் சேர்க்கும் கனவு யாருக்காவது இருந்தால் அதை இப்போதே தாளில் எழுதிக்கொள்ளட்டும். ஓசிஐ-யை ரத்து செய்யும் அதிகாரமும் அரசுக்கு உண்டு, 2019 திருத்தம் அதை விரிவாக்கியது.

நாங்கள் தாள் போட்டுக்கொண்டிருப்பது எப்படியோ ஊருக்குத் தெரிந்து, ஒருநாள் இரவு அப்பா கூப்பிட்டார்.

"ஏன் தம்பி, அந்த ஊரு கார்டு வாங்கிட்டா நம்ம நெலத்துல உனக்குப் பாத்தியதை போயிடுமாமே? டீக்கடையில பேசிக்கிறாங்க."

"யாருப்பா சொன்னது?"

"எல்லாரும்தான். உன் பேருக்கு இப்பவே தான செட்டில்மெண்ட் எழுதிடவா?"

மன்னார்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சை. அதற்காக ஓர் ஆடிட்டரிடம் கேட்டேன். அவர் சொன்னது எனக்கே புதிது. விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவும் தானமாகப் பெறவும் ஓசிஐ-க்கு மட்டுமல்ல, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கும் தடை. அந்நியச் செலாவணி விதி இருவரையும் ஒரே தட்டில்தான் வைக்கிறது. அதாவது அப்பா ஆசையாக எழுத நினைத்த செட்டில்மெண்ட், நான் இன்று இருக்கும் நிலையிலேயே செல்லாது. வாரிசாக வருவதற்கோ உயில் மூலம் வருவதற்கோ தடையில்லை, அதுவும் இருவருக்கும் பொது. விற்பதென்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்கலாம். வித்தியாசம் வருவது ஒரே இடத்தில். நான் இந்தியனாகவே திரும்பி வந்து ஊரில் உட்கார்ந்துவிட்டால் பக்கத்து வயலையும் வாங்கலாம், ஓசிஐ-யாகத் திரும்பினால் முடியாது. டீக்கடைப் பேச்சில் பாதி பொய், பாதி எனக்கே பொருந்துகிற உண்மை. "அப்ப உயில்தான்" என்றார் அப்பா. அடுத்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துவிட்டார்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு தீர்ப்பு கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோர் இந்தியக் குடியுரிமையைத் துறந்தால் அதனால் குடியுரிமை இழந்த மைனர் பிள்ளை, மேஜரான ஒரு வருஷத்துக்குள் கேட்டு அதைத் திரும்பப் பெறலாம் என்று அந்த 1955 சட்டத்தின் 8-ஆம் பிரிவில் இருக்கிறது. பையன் பெரியவனானதும் அவனே முடிவு செய்துகொள்ளட்டும் என்று பலர் இதை நம்பித்தான் சொல்கிறார்கள். 1998 கடைசியில் சிங்கப்பூர்க் குடிமக்களான பெற்றோருக்கு 1999-ல் பிறந்த மகன் ஒருவர் இந்த வழியில் விண்ணப்பித்தார். உள்துறை மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பெற்றோர் இந்தியராக இருந்தபோதே அவர் தாயின் வயிற்றில் இருந்தார் என்ற வாதமும் எழுந்தது. 2024 அக்டோபர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதால் 9-ஆம் பிரிவில் தானாக முடிந்துபோவது வேறு, 8-ஆம் பிரிவில் அறிவித்துத் துறப்பது வேறு. முதலாவதில் பிள்ளைக்குத் திரும்பும் வழி கிடையாது என்றது. பத்துப் பக்கம் படித்தபின் மனைவி நிமிர்ந்து, "அப்ப பின்பக்கக் கதவு இல்ல" என்றார். மீதமிருப்பது நீண்ட வழி: ஓசிஐ-யாகப் பதிவு செய்து ஐந்து வருஷம், விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருஷம் இந்தியாவிலேயே வாசம், கையிலிருக்கும் குடியுரிமையைத் துறத்தல்.

இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொள்வதால் எனக்கு என்னதான் மிச்சம்? ஓட்டு என்று பெருமையாகச் சொல்வேன். 2011-லிருந்து வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் படிவம் 6ஏ நிரப்பி ஊர் வாக்காளர் பட்டியலில் பேரைச் சேர்க்கலாம். ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும். தபால் ஓட்டு இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் இப்படிப் பதிவு செய்தவர்கள் ஏறக்குறைய 1.19 லட்சம் பேர், பெரும்பாலும் கேரளத்துக்காரர்கள். வந்து போட்டவர்கள் மூவாயிரத்தைக்கூடத் தொடவில்லை. அன்று நான் சாங்கியில் அலுவலகப் பயிற்சி வகுப்பில் இருந்தேன்.

பாஸ்போர்ட் வலிமை பற்றி எல்லோரும் பேசுவதால் ஒரு வரி. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டில் 190-க்கும் மேற்பட்ட இடங்களுக்கு முன்கூட்டியே விசா எடுக்காமல் போகலாம். வேலைக்காக ஊர் சுற்றுபவருக்கு இது பெரிய விஷயம். எனக்கு எப்போதும் உறுத்தியது பக்கத்திலிருக்கும் ஜோகூர்தான். சனிக்கிழமை எல்லோரும் உட்லண்ட்ஸ் பாலம் தாண்டிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள், எங்களுக்கு மட்டும் விசா. 2023 டிசம்பரில் மலேசியா அதைத் தளர்த்தியதும் அந்தக் குறையும் தீர்ந்தது.

பாதிப் பாதி

கடைசியில் எங்களுக்குப் பொருந்தியது காப்பிக் கடையில் யாரும் பேசாத நான்காவது வழி. மனைவியும் பிஆர், வேலையில் இருப்பவர், விண்ணப்பம் அவர் பெயரில் நிற்கும். அவரும் இரண்டு பிள்ளைகளும் பிங்க். நான் நீலம். மகனுக்கு என்எஸ் எப்படியும் உண்டு, அதோடு சேர வேண்டியது இனிச் சேரட்டும். வீட்டில் ஒருவர் குடிமகளாகிவிட்டால் புது எச்டிபி வீட்டுக்கும் தகுதி வரும். குடிமக்கள் தம்பதியைவிட 10,000 வெள்ளி கூடக் கட்ட வேண்டும், பிஆரும் பின்னாளில் குடிமகனானால் அதைத் திரும்பக் கேட்கலாம். குடிமகளின் கணவன் என்ற முறையில் என் ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கும் கொஞ்சம் பிடிமானம் கிடைக்கும் என்று நம்புகிறோம். அது நம்பிக்கைதான், எழுத்தில் ஒன்றும் இல்லை.

இதில் குறைகளும் உண்டு. ஒரே வீட்டில் இரண்டு பாஸ்போர்ட் என்றால் விமானநிலையத்தில் இரண்டு வரிசை. நானும் மனைவியும் முதுமையில் எந்த ஊரில் இருப்பது என்ற கேள்வியைத் தீர்க்காமல் தள்ளி வைத்திருக்கிறோம் என்பதும் தெரியும். பட்டுக்கோட்டை நண்பர் கேட்டுவிட்டு, "இது ரெண்டு படகுல கால் வெக்கிற வேலைண்ணே" என்றார். அவருடைய பழைய இந்தியப் பாஸ்போர்ட், ரத்து முத்திரையோடு, மேசை இழுப்பறையில் வீட்டுப் பத்திரங்களுக்கு மேலே இருக்கிறது. சத்தியப் பிரமாணத்துக்கு முந்தைய சில நாள்கள் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கையில் இல்லாமல் இருந்தபோது, அந்த நேரம் பார்த்து ஊரில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தூங்கவில்லையாம். எழுபத்தாறு வயது அப்பா அங்கே இருக்கும்வரை, கேட்ட நிமிஷம் டிக்கெட் போட்டு எந்தக் கேள்வியும் இல்லாமல் போய் இறங்கி, வேண்டிய மாதங்கள் இருந்துவர எனக்கு ஒரு வழி வேண்டும். ஓசிஐ-யிலும் அதைச் செய்யலாம் என்று தெரியும். தெரிந்தும் மனம் ஒப்பவில்லை. எக்செல் தாளில் இதற்கும் கட்டம் இல்லை.

உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். பையன் இல்லாத, ஐம்பதில் ஊர் திரும்பும் எண்ணமுள்ள தம்பதி என்றால் நீலத்திலேயே இருந்து சிபிஎஃப்பை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் புத்திசாலித்தனம். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், ஊரில் பெற்றோர் இல்லை, நிலம் இல்லை என்றால் மொத்தமாக மாறிவிடுங்கள், தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை. பிஆர் விண்ணப்பமே இப்போதுதான் போடுகிறீர்கள், கைக்குழந்தை ஆண் பிள்ளை என்றால், அந்தப் பெயரைச் சேர்க்கும் முன் ஒரு வாரம் பொறுங்கள். நான் பொறுக்கவில்லை.

போன ஞாயிறு அப்பாவிடம் முடிவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி, நீ இந்தியாக்காரனாவே இருக்கேங்கிற. அடுத்த எலெக்ஷனுக்காவது வந்து ஓட்டுப் போடுவியா?" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். படிவம் 6ஏ இன்னும் நிரப்பவில்லை. இந்த வாரம் உட்கார வேண்டும்.